இடது செவி காத்த படலம்

வாழ்க, இழப்பீட்டுப் பிரிவின் மூத்த எழுத்தர்! பத்தொன்பது ஆண்டுகள் ஒரே நாற்காலியில் வீற்றிருந்து, அதன் மெத்தையில் தம் திருவுருவைப் பள்ளமாகவே பதித்துவைத்த பெருமகனார்; மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையெங்கும் தேடும் மாண்பினர்; தீப்பிடித்த கடைகளுக்கும் மரம் சாய்ந்த கார்களுக்கும் வெள்ளம் புகுந்த கிடங்குகளுக்கும் உரிய கோப்புகளை ஒரு கையால் புரட்டிக்கொண்டே மறு கையால் டீ குடிக்கும் இருகை வல்லார்; சுட்டெரிக்கும் கோடையிலும் தலைமுதல் தாடைவரை பழுப்புநிறக் கம்பளிக் குல்லா தரித்தவர், அதனாலேயே குல்லாக்காரர் என்று பிரிவு முழுவதும் பெயர் பெற்றவர். அன்னாரின் தேர்தல் வெற்றியைப் பாடப் புகுந்தோம்.

கோப்பு கட்டும் நாடாவே, காய்ந்துபோன முத்திரை மையே, மூடி தொலைந்த பேனாவே, எம் நாவில் வந்து அமர்க! பொய் கலவாமல் பாட அருள்க. கலந்துவிட்டாலும் எவரும் ஆதாரம் கேளாதபடி காத்தருள்க.

போர்க்களம் எதுவெனில், காப்பீட்டு நிறுவனமொன்றின் மூன்றாம் மாடியில், இருபத்து மூன்று மேசைகள் வரிசையாய் நின்ற நீண்ட கூடம். அதன் வடகோடிச் சுவரில், ஆள் கை எட்டாத உயரத்தில், பழுப்பேறிய மேனியும் ஓயாத உறுமலும் உடையதாய் வீற்றிருந்தது ஏசி. காற்றை இருபுறமும் அள்ளி வீச வேண்டிய அதன் தகடு என்றோ உடைந்து விழுந்துவிட்டது. அதனால் அதனின்று புறப்பட்ட குளிர்காற்றானது கூடத்தின் பிற பகுதிகளை ஏறெடுத்தும் பாராமல், இடமும் வலமும் வளையாமல், குறி தப்பாத கணைபோல் ஒரே கோட்டில் பாய்ந்து, நேர் கீழே அமர்ந்திருந்த குல்லாக்காரரின் இடது காதில் போய்த் தைத்தது. எஞ்சிய இருபத்திருவரோ தென்கோடிவரை பரவியமர்ந்து, இழப்பீட்டு விண்ணப்பங்களால் தங்களுக்குத் தாங்களே விசிறிக்கொண்டிருந்தார்கள். குல்லாக்காரர் இடம் மாறி உட்கார வழியில்லை. மூத்த எழுத்தரின் மேசை இரும்பு அலமாரிகளை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கட்டளை. அலமாரிகளோ தரையோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டவை.

அந்த இடது காது இரண்டு முறை சீழ் வைத்த காது. "இன்னொரு தடவை வந்துச்சுன்னா இந்தக் காது அவ்வளவுதான், கேக்காது" என்று மருத்துவர் விளக்கை அணைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். குல்லாக்காரர் வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இருபத்து நான்கு டிகிரியில் நின்ற அந்த ஏசி இருபத்தேழுக்கு ஏற வேண்டும். காற்றின் சீற்றம் தணிய வேண்டும். காது பிழைக்க வேண்டும்.

ஆனால் அந்த ஏசியின் ரிமோட் இருந்ததோ ஊழியர் நலச் சங்கச் செயலாளரின் மேசை இழுப்பறையில். கையகலமே உடையதாயினும் கூடத்தின் கோடையையும் மாரியையும் ஆளும் அந்தச் செங்கோலை ஆறாண்டுகளாகப் போட்டியின்றித் தாங்கிவந்தவர் இழப்பு மதிப்பீட்டாளர். எரிந்த கடைகளுக்குள் அளவு டேப்போடு நுழைந்து, சாம்பலையும் அடிக்கணக்கில் அளந்து வருபவர்; ஆதலின் டேப்புக்காரர் எனப்பட்டார். தலைமை அலுவலகச் சுற்றறிக்கை இருபத்து நான்கு என்றது. அவரும் இருபத்து நான்கில் வைத்தார். ஒருமுறை அந்த ரிமோட் யாருடைய சாப்பாட்டுப் பையிலோ விழுந்து இரண்டு நாள் காணாமல் போனதால், அன்றுமுதல் இழுப்பறையைப் பூட்டியும் வைத்தார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றுமில்லை.

"நேரா போய்க் கேளுங்களேன்" என்றாள் குல்லாக்காரரின் மனைவி, சொட்டு மருந்தைக் காதில் விட்டபடி. "காது வலிக்குதுன்னு சொன்னா மாட்டேன்னா சொல்லப்போறாரு?"

"நான் போய் அவன்கிட்ட கெஞ்சணுமா?" என்று தலையணையிலிருந்தபடியே முழங்கினார் நாயகர்.

அம்முழக்கத்தின் வேர் ஆறாண்டு ஆழத்தில் கிடந்தது. எரிந்துபோன மெத்தைக் கடையொன்றின் கோப்பில் நாயகர் பதினாறு அடி என்று எழுதியதை, மேலாளரின் கண்முன்பே, பதினைந்தே முக்கால் என்று சிவப்பு மையால் திருத்தியிருந்தார் டேப்புக்காரர். கால் அடிதான். அந்தக் கால் அடி அன்றுமுதல் குல்லாக்காரரின் நெஞ்சில் குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டிப்போய் ஓர் உதவி கேட்க அவரால் முடியவில்லை.

இந்நிலையில்தான் செயலாளர் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அதே வாரத்தில் மச்சினனும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எந்த ஊர் எந்தத் தேர்தலாயினும் எந்த மேடைக்கும் பேச்சு எழுதித் தருவது அவர் தொழில். முந்தைய தேர்தலில் எதிரெதிரே நின்ற இரு வேட்பாளருக்கும் ஒரே உரையைப் பெயரை மட்டும் மாற்றிக்கொடுத்து, இரண்டு கூட்டத்தையும் ஒரே இடத்தில் அழவைத்த வித்தகர். அக்காள் கணவரின் காதுக் கதையை முழுதும் கேட்டுவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அத்தான், காது வலிக்குதுன்னா ஆளுக்கொரு மருந்து சொல்லுவாங்க. ஓட்டுப் போட மாட்டாங்க."

"அப்ப என்னதான் சொல்றது?"

"கெட்டவன் ஒருத்தன் இருக்கான்னு சொல்லணும். உங்க எல்லாருக்கும் சேர வேண்டியதை அவன் பூட்டி வச்சிருக்கான்னு சொல்லணும்."

"எதைப் பூட்டி வச்சிருக்கான்?"

"அதை மட்டும் நீங்க சொல்லவே கூடாது. ஆளாளுக்கு எது கிடைக்கலையோ, அதை அவங்களே போட்டு நிரப்பிக்குவாங்க."

இவ்வாறாக, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், சாப்பாட்டு மேசையின் மீது, அரக்கனொருவனைச் செய்யும் வேள்வி தொடங்கிற்று. அரக்கனுக்குக் கோரைப்பல் வேண்டும். டேப்புக்காரரின் பல்வரிசையோ சீராக இருந்தது. இடிமுழக்கக் குரல் வேண்டும்; அவரோ பக்கத்து மேசைக்கே கேட்காத குரலில் பேசுபவர். கொடுஞ்செயல் ஏதேனும் வேண்டுமே என்று தேடியபோது, டீ நேரத்து பிஸ்கட்டைச் சரிபாதியாக உடைப்பார் என்பதொன்றே கிடைத்தது. அதுவும் மறுபாதியைப் பக்கத்து மேசைக்குக் கொடுப்பதற்காக. மூன்று டீ குடித்து முடிப்பதற்குள் வேள்வி அணைந்துபோகும் போலிருந்தது.

"அவரா கெட்டவரு?" என்றாள் மனைவி, கோப்பைகளை எடுத்துக்கொண்டே. "நம்ம பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் வேணும்னப்ப மொத ஆளா வந்து நின்னது அவர்தானே?"

"அக்கா, அது கதைக்கு ஆகாது" என்றார் மச்சினன்.

முடிவில் தேறியது பூட்டிய இழுப்பறை ஒன்றுதான். ஆயினும் தேர்ந்த கைகளுக்கு அது போதுமானதாயிருந்தது.

திங்கட்கிழமை டீ இடைவேளையில், காலியான தாள் பெட்டியொன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறினார் குல்லாக்காரர். பெட்டி சற்றே அமுங்கியது, அவர் அமுங்கவில்லை. "உழைக்கும் உறவுகளே! நமக்கு உரிய ஒன்று நம் கண்முன்பே பூட்டப்பட்டுக் கிடக்கிறது! சாவி ஒருவர் சட்டைப்பையில்! வியர்வையோ நம் அனைவர் நெற்றியில்! ஒளி ஒருபுறம், இருள் ஒருபுறம்; நடுவில் நிற்க இடமில்லை! நமக்குரியதை நமக்கே மீட்டுத் தருவேன்!" என்று எழுதித் தந்தபடி முழங்கினார். எது பூட்டிக் கிடக்கிறது என்பதை மச்சினனின் அறிவுரைப்படி சொல்லவில்லை.

தென்கோடிக் கடைசி மேசையிலிருந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தட்டச்சர் அம்மாள் எழுந்தார்.

"அதான் பாருங்க! எங்க பக்கம் ஏசி காத்தே வர்றதில்ல. குளிரையெல்லாம் பூட்டித்தான் வச்சிருக்காரு! நீங்க வந்தா நல்லா குளிர வைப்பீங்கதானே?"

குல்லாக்காரரின் வாய் திறந்தது. அப்படியில்லை அம்மா, நான் கேட்பது அதற்கு நேர்மாறானது, எனக்குக் காது என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லத்தான் அது திறந்தது. அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. பத்தொன்பது ஆண்டுகளில் தமக்கென்று ஒருமுறைகூடக் கைதட்டல் கேட்டறியாத அந்தத் தலை, உடையவரைக் கேளாமலே, மேலும் கீழும் ஆடிற்று.

அவ்வளவுதான். அந்த ஒற்றைத் தலையாட்டலில் உலகம் இரண்டாகப் பிளந்தது. குளிர் அறமாயிற்று, வெப்பம் மறமாயிற்று, இருபத்து நான்கு என்பது கொடுங்கோன்மையின் எண்ணாகவும் பதினாறு என்பது விடுதலையின் எண்ணாகவும் அன்று மாலைக்குள் கழிப்பறைக் கதவுவரை எழுதப்பட்டுவிட்டன. வீட்டுக்கு வந்து விவரம் சொன்ன குல்லாக்காரரை மச்சினன் கட்டித் தழுவினார்.

"டேய், நான் கேட்டது இருபத்தேழுடா!"

"மொதல்ல ஜெயிங்க அத்தான். ரிமோட் கைக்கு வந்துட்டா எத்தனைல வேணா வச்சுக்கலாம். ஆனா நாளையிலேருந்து அந்தக் குல்லா வேண்டாம். குளிருக்காகப் போராடுறவர் தலையில கம்பளியா?"

இங்கே ஓர் அதிசயத்தைக் குறித்தே ஆகவேண்டும். அந்த இருபத்திருவரும் யாரெனில், கதைகளை நம்பாமலிருப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள். மரம் விழுந்து கார் நசுங்கியது என்று எவரேனும் எழுதினால், எந்த மரம், எத்தனை அடி உயரம், விழுவதற்கு முன் எங்கே நின்றது என்று கேட்பவர்கள்; வெள்ளத்தில் நனைந்த அரிசி மூட்டைக்கு நனையாத ரசீது கேட்டு மூன்று மாதம் அலையவைப்பவர்கள்; 'ஆதாரம் இணைக்கவும்' என்ற முத்திரையைக் குத்திக் குத்தியே கட்டைவிரல் காய்த்தவர்கள். அத்தகையோர் கூடிய கூடத்தில்தான், டேப்புக்காரர் ஏசியின் குளிரைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை பிறந்தது. எப்படிக் கொண்டுபோவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. புதன்கிழமை அவர் இழுப்பறையில் இரண்டு ரிமோட் இருப்பதாகவும், வியாழக்கிழமை அவர் வீட்டுச் சுவரில் பனி படிந்திருப்பதாகவும் தபால் பிரிவு உறுதி செய்தது. முத்திரைகள் அனைத்தும் மையோடு மேசைமேல் கிடந்தன. ஒன்றையும் எவரும் தொடவில்லை.

டேப்புக்காரரோ தமக்குத் தெரிந்த ஒரே வழியில் போர் தொடுத்தார். மூன்று ஆண்டுகளாக நாளுக்கு மூன்று முறை வெப்பநிலையைக் குறித்து, ஒவ்வொன்றின் எதிரேயும் சுருக்கொப்பமிட்ட குறிப்பேட்டைப் பதினொரு பக்கங்களாகப் படியெடுத்து, அறிவிப்புப் பலகையில் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு ஒட்டினார். உண்மையின் படை அணிவகுத்து நின்றது. அதை நோக்கி வந்த முதல் ஆள் தட்டச்சர் அம்மாள்.

"இவ்வளவு எழுதி வச்சிருக்காருன்னா, ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையின் படை மாலைவரை அங்கேயே நின்றது. இரண்டாம் பக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை.

இதற்கிடையே குல்லாவற்ற குல்லாக்காரர் நாள்தோறும் வெறுந்தலையோடு காற்றின்கீழ் அமர்ந்தார். "பாருங்க, நமக்காக எப்படி உட்கார்ந்திருக்காரு" என்று தென்கோடி மேசைகள் பெருமூச்சுவிட்டன. காதுக்குள் யாரோ ஊசியைத் திருகுவதுபோல் இருந்தது. அவர் முகத்தில் எழுந்த வேதனையைக் கொள்கை உறுதி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், கை கழுவுமிடத்தில், நன்மையும் தீமையும் தனித்து நேருக்கு நேர் சந்தித்தன. தீமை சோப்பைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசிற்று.

"சார், அந்த மெத்தைக் கடை விஷயம் இன்னும் மனசுல இருந்தா மன்னிச்சிடுங்க. அன்னைக்கு உங்களைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும், எல்லார் முன்னாடியும் திருத்தினது தப்புதான். இந்த ஏசியில உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. இப்பவே மாத்தி வச்சிடறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

குல்லாக்காரரின் நெஞ்சில் குறுக்கே கிடந்த கால் அடி அக்கணமே கரைந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதனைப் போய் என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உண்மையாகவே வெட்கமாயிருந்தது. 'காது' என்ற இரண்டெழுத்து அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மார்பைக் கடந்து, தொண்டையை அடைந்து, நாவின் நுனியில் வந்து நின்றது. அது வெளியே வந்திருந்தால் போர் அங்கேயே முடிந்திருக்கும்.

அப்போது வாசலில் நிழலாடிற்று. தண்ணீர் பிடிக்கப் பாட்டிலோடு வந்த தட்டச்சர் அம்மாளும் தபால் பிரிவுக்காரரும், கொடியவனின் வலையில் தலைவர் சிக்கிவிடுவாரோ என்ற கலக்கத்தோடு, மூச்சை அடக்கி நின்றார்கள். நான்கு கண்களிலும் அவ்வளவு நம்பிக்கை. குல்லாக்காரர் 'காது' என்பதை விழுங்கினார். தலை நிமிர்ந்தது, மார்பு விரிந்தது, ஈரக்கை வான்நோக்கி உயர்ந்தது.

"எனக்கென்று எதுவும் வேண்டேன்! என் மக்களுக்குக் குளிர் வேண்டும்!"

"சரிங்க சார்" என்றார் டேப்புக்காரர். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்து, அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. தாள் பெட்டியொன்றின் மூடியில் கத்தியால் கீறிய வாயே வாக்குப்பெட்டி, இரும்பு அலமாரிகளின் பின்புறமே மறைவிடம், மேலாளரே நடுவர். நம் நாயகரின் முறை வந்தது. அலமாரிக்குப் பின்னால், பழைய கோப்புகளின் தூசு மணத்துக்கு நடுவே, இரண்டு பெயர் அச்சிட்ட சீட்டோடு அவர் தனித்து நின்றார். கைதட்டல் இல்லை, கண்கள் இல்லை, காது மட்டும் விண்விண்ணென்று தெறித்தது. தோற்றுவிட்டால் போதும் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. தோற்றவனாய்ப் போய் அந்த மனிதனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அவர் மூன்று முறை பொத்தானை அழுத்துவார், இருபத்தேழு ஆகிவிடும். அறத்தின் காவலர், விடுதலையின் விடிவெள்ளி, இருளை எரிக்க வந்த பெருஞ்சுடர், இடப்புறமும் வலப்புறமும் ஒருமுறை பார்த்துவிட்டு, டேப்புக்காரரின் பெயருக்கு நேரே குறியிட்டு, சீட்டை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டார். வாழ்நாளில் அவர் செய்த மிக நேர்மையான காரியம் அதுதான்.

இருபத்து மூன்று சீட்டுகளையும் மேலாளர் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். பதினெட்டுக்கு ஐந்து. குல்லாக்காரர் வென்றார். டேப்புக்காரருக்கு விழுந்த ஐந்து வாக்குகளைப் போட்ட துரோகிகள் யாரென்று கூடம் முழுவதும் கொதித்தது. அவர்களை இனங்காண ஒரு குழு அமைக்க வேண்டும் என்று தபால் பிரிவுக்காரர் மேசையைத் தட்டினார். புதிய செயலாளர் அதற்கும் தலையாட்டினார்.

டேப்புக்காரர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு ரிமோட், ஒரு குறிப்பேடு, முனை சீவிய பென்சில் ஒன்று. "பெற்றுக்கொண்டேன்னு இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் குல்லாக்காரருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கையெழுத்திடும்போது, வேறு யாருக்கும் கேட்காதபடி, "எனக்குக் காதுல..." என்று தொடங்கினார்.

"என்ன சார்?" என்று குனிந்தார் டேப்புக்காரர்.

அதற்குள் தென்கோடியிலிருந்து எழுந்த "பதினாறு! பதினாறு!" என்னும் பேரொலி, மேசைகளைத் தட்டும் ஓசையோடும், தரையில் நாற்காலிகள் உராயும் ஓசையோடும், மூன்றாம் மாடியின் கண்ணாடிகள் அதிர, அணையுடைத்த வெள்ளமெனப் பெருகிவந்து இருவரையும் பிரித்தது. தோளில் தூக்கப்படாத குறையாகக் காற்றின் கீழ் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட நம் நாயகர், வெறுந்தலையும் வியர்த்த உள்ளங்கையுமாய், செங்கோலை வலக்கையில் உயர்த்தி, இருபத்து மூன்று என்று ஒருமுறையும், இருபத்திரண்டு என்று ஒருமுறையும், ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒவ்வோர் ஆரவாரம் விண்ணைப் பிளக்க, மீளா ஆழத்துக்குப் படிப்படியாய் இறங்குபவர்போல் எண் எண்ணாய் இறங்கி, இருபதில் ஒருகணம் தயங்கி, தயங்கிய கட்டைவிரலை "பயப்படாதீங்க சார், நாங்க இருக்கோம்!" என்று தட்டச்சர் அம்மாள் தேற்ற, தேறி, பதினாறில் போய் நின்றார், நின்றதும், கொடுங்கோலனின் சிறையினின்று அன்றுதான் விடுபட்டதாய்க் கூடமே நம்பிய அந்தப் பெருங்குளிரானது, தென்கோடி மேசைகளில் ஒரு தாளைக்கூட அசைக்காமல், எட்டுத் திக்கும் விட்டு ஒரே திக்காய்த் திரண்டு, சீறி, உறுமி, முன்னெப்போதையும்விட நேராகவும் கூராகவும் பாய்ந்து, வெற்றி வீரரின் இடது செவிக்கு முடிசூட்டியது.

அடுத்த மாதத்திலிருந்து, அவரிடம் பேச வேண்டியவர்கள் வலது பக்கமாகச் சுற்றி வந்து பேசினார்கள்.